மணியடிக்காத உயிர்

பிறிதோர் உயிருக்கு வலிக்கிறது என்பதை ஒருவர் எவ்வாறு அறிகிறார் என்னும் வினா மருத்துவத்துக்கு உரியதாகத் தோன்றினும், அதன் வேர் அளவையியலில், அதாவது அறிவு எவ்வழியாக உண்டாகிறது, அவ்வழிகளுள் எவை நம்பத்தக்கவை என்று ஆராயும் துறையில் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சைவ சித்தாந்த நூலாகிய சிவஞான சித்தியார், அறிவைத் தரும் வழிகளைக் காட்சி, கருதல், உரை என மூன்றில் அடக்கிக்கொண்டு, முதலாவதான காட்சியை மேலும் நான்காகப் பகுக்கிறது: ஐம்பொறிகளின் வழியாக வருவது வாயிற்காட்சி, பொறி கண்டதை மனம் பற்றி நிறுத்துவது மானதக்காட்சி, இன்பதுன்பங்களை உயிர் தானே நுகர்ந்து அறிவது தன்வேதனைக்காட்சி, தவத்தால் கைகூடுவது யோகக்காட்சி. மூன்றாவதன் பெயரில் நிற்கும் 'தன்' என்னும் அடை கவனிக்கத்தக்கது. வேதனை என்னும் சொல் இங்கே துன்பத்தை மட்டுமன்றி நுகர்ச்சி முழுவதையும் குறிக்கிறது என்றாலும், அந்நுகர்ச்சி எவருடையதோ அவருக்கே அது காட்சியாகிறது. தோளோடு தோள் ஒட்டி நிற்பவருக்கும் அது காட்சியாவதில்லை. யோகியரை ஒதுக்கிவிட்டால், பிறருடைய வலி எவருக்கும் கருதலாலோ உரையாலோ மட்டுமே எட்டக்கூடியது.

மனிதரிடையே இக்குறை அவ்வளவாக உறுத்துவதில்லை. 'முழங்கால் குத்துது' என்று ஒருவர் சொல்ல, கேட்பவர் அச்சொல்லை ஏற்றுக்கொள்வதோடு காரியம் முடிந்துவிடுகிறது. உரை என்று சித்தாந்திகள் முதன்மையாகச் சொன்னது இறைநூலையே எனினும், நம்பத்தக்கவர் சொல் என்ற விரிந்த பொருளில் அதனைக் கொண்டால், 'வாயில்லாச் சீவன்' என்னும் பழகிய தமிழ்த்தொடர் ஓர் அளவையியல் கூற்றாகவே நிற்கிறது: உரை என்னும் வழி அடைபட்ட உயிர் அது. அவ்வுயிரைப் பொறுத்தவரை எஞ்சுவது கருதல் ஒன்றே. கருதலோ அடையாளத்தைக் கண்டு அதற்குப் பின்னால் உள்ளதை உணர்வது ஆகையால், அடையாளம் கண்ணில் படாதபோதும், பட்டும் பிழையான பெயர் பெற்றபோதும், வலி இருந்தும் இல்லாததாகிவிடுகிறது.

இந்தப் பொதுவான வினாவை ஒரு குறித்த நிலத்தில், ஒரு குறித்த உயிரின் மேல் வைத்துப் பார்ப்பது அதன் கூர்மையைக் காட்டும். இரத்தினபுரி, கேகாலை என்னும் இரு மாவட்டங்களால் ஆன, இலங்கையின் சப்ரகமுவ மாகாணத்தில், பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை முதல் தெரணியகலை, எட்டியாந்தோட்டை வரை, தேயிலையும் இறப்பரும் கலந்து கிடக்கும் தோட்டங்கள் சரிவுகளில் அமைந்தவை. இரத்தினபுரியில் ஆண்டுக்குச் சராசரியாக 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்வதால், லயங்களுக்கு, அதாவது தொழிலாளர் குடும்பங்கள் வாழும் நீள்வரிசைக் காம்பராக்களுக்கு, ஏறிச்செல்லும் கற்படிகளில் பாசி காய்வது அரிது. லயத்துக்கு முன்னால் இஸ்தோப்பு எனப்படும் ஒடுங்கிய திண்ணையும், அதன் விளிம்பில் மழைநீர் ஓடும் கானும் உண்டு. லயத்து நாய்கள் பெரும்பாலும் நாட்டு நாய்கள். எனினும் நகரத்திலிருந்து கைமாறி வந்த பொமரேனியன் கலப்பு போன்ற சிற்றினக் குட்டிகளும் ஆங்காங்கே உண்டு. கானைத் தாண்டுவதும், படியில் தாவுவதும், பிள்ளைகளோடு பந்துக்கு ஓடுவதுமாக அத்தகைய குட்டியின் பொழுது கழியும்.

எட்டு ஒன்பது மாதம் நிரம்பிய அப்படியொரு குட்டி படியேறும்போது சில வேளை பின்னங்கால் ஒன்றை மடக்கி வயிற்றோடு சேர்த்துக்கொண்டு, மூன்று காலால் மூன்று நான்கு எட்டு துள்ளி, பிறகு அக்காலைப் பின்னோக்கி ஒருமுறை உதறி நீட்டி, ஒன்றும் நிகழாததுபோல் நான்கு காலாலும் ஓடிவிடும். கத்துவதில்லை; நிற்பதில்லை; திரும்பிக் காலைப் பார்ப்பதும் இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் 'நாய் நொண்டி விளையாடுது' என்று சிரிப்பார்கள். நொண்டி என்பது கட்டம் கீறி ஒற்றைக்காலில் தாவும் பிள்ளைகளின் ஆட்டத்தின் பெயரும் ஆகையால் அச்சிரிப்பில் குரூரம் எதுவும் இல்லை.

ஆயினும் அளவையியலுக்கு இந்தச் சிரிப்பு ஒரு நல்ல பாடம். பொருளைப் பெயர், சாதி, குணம், தொழில் முதலிய வேறுபாடுகளோடு சேர்த்து அறியாமல் 'ஏதோ ஒன்று' என்ற அளவில் அறிவதை நிருவிகற்பக் காட்சி என்றும், அவ்வேறுபாடுகளோடு இன்னது என்று துணிவதைச் சவிகற்பக் காட்சி என்றும், ஒன்றை மற்றொன்றாகத் துணிவதைத் திரிபு என்றும் நூல்கள் பிரிக்கின்றன. குட்டியின் துள்ளலை லயத்தில் எல்லாரும் நாள்தோறும் பார்த்திருப்பார்கள். ஆகவே பார்வையில் குறை இல்லை. குறை நிகழ்ந்தது அடுத்த படியில்: ஏதோ ஒன்றாக நின்ற காட்சிக்குப் பெயர் தேடியபோது, கைக்கு அருகே கிடந்த 'விளையாட்டு' என்னும் பெயர் அதன்மேல் போய் ஒட்டிக்கொண்டது. பெயர் ஒட்டியபின் பார்வை நின்றுவிடுகிறது. கவனித்தல் என்று சொல்லப்படுவது கண்ணைக் கூர்மையாக்கிக்கொள்வது என்பதைவிட, முதலில் வந்த பெயரை ஐயத்தில் நிறுத்திவைப்பது என்றே கொள்ளத்தக்கது.

அத்துள்ளலுக்கு உரிய பெயர் எது என்பதை உடலமைப்பு சொல்கிறது. நாயின் பின்னங்காலில், தொடையெலும்பின் கீழ்முனையில் ஒரு பள்ளவரி உண்டு; கால் மடங்கி நீளும்போது முழங்காற்சில்லு அவ்வரியில் மேலும் கீழுமாக வழுக்கிச் செல்லும். சிற்றின நாய்கள் பலவற்றில் வளரும் பருவத்திலேயே அவ்வரி ஆழம் குறைந்தும், சில்லை இழுக்கும் தசைநார் பொருந்தும் இடம் சற்று உள்நோக்கி விலகியும் அமைந்துவிடுவதால், சில்லு வரியைவிட்டு உட்பக்கமாகச் சரிகிறது. சரிந்த கணத்தில் கால் பூட்டிக்கொள்ள, நாய் அதனைத் தூக்கிக்கொண்டு துள்ளுகிறது. உதறி நீட்டும்போது சில்லு மீண்டும் வரியில் விழுகிறது. மருத்துவர்கள் இதனை நான்கு தரமாகப் பிரிக்கின்றனர். முதல் தரத்தில் கையால் தள்ளினால் மட்டும் சில்லு விலகித் தானே திரும்பும். இரண்டாவதில் தானே விலகித் தானே திரும்பும். மூன்றாவதில் பெரும்பாலும் விலகியே இருந்து கையால் தள்ளினால் உள்ளே போகும். நான்காவதில் தள்ளினாலும் போகாது. மேற்சொன்ன குட்டி ஏறத்தாழ இரண்டாம் தரத்தில் நிற்பது. இரு கால்களிலும் சில்லு விலகும் நாய்களில் ஒப்பிட்டுப் பார்க்க நல்ல கால் என்று ஒன்று இல்லாமற்போவதால், நொண்டலே தெரியாமல் பின்பக்கம் தாழ்ந்த ஒரு நடை மட்டும் தெரிவதும் உண்டு.

இங்கேதான் கருதல் எளிதன்று என்பது புலனாகிறது. முதல் இரு தரங்களில் துள்ளல் கண்ணைப் பறிக்கும் அளவுக்குத் தெளிவாக இருந்தாலும் வலி சிறிதாகவோ, அவ்வப்போது மட்டுமோ இருக்கலாம். குருத்தெலும்பு தேயத் தேயத்தான் அது வளரும். இதற்கு நேர்மாறான நோய் ஒன்று இடுப்பில் உண்டு. லெக், கால்வே, பெர்தெஸ் என முறையே அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி ஆகிய நாடுகளைச் சேர்ந்த மூன்று மருத்துவர்கள் 1910ஆம் ஆண்டையொட்டித் தனித்தனியே மனிதக் குழந்தைகளிடம் கண்டு விளக்கியதும், அம்மூவர் பெயராலும் வழங்குவதும், பிற்காலத்தில் சிற்றின நாய்களிலும் அறியப்பட்டதுமான அந்நோயில், தொடையெலும்பின் பந்துமுனைக்குச் செல்லும் இரத்தம் தடைப்பட்டு எலும்பு உள்ளேயே மடிந்து உதிர்கிறது. ஒரு வயதுக்கு உட்பட்ட குட்டிகளிலேயே பெரும்பாலும் தொடங்கும் இதன் முதல் அடையாளங்கள் மிகச் சிறியவை: படுத்து எழும்போது ஒரு தயக்கம், ஒரு பக்கத் தொடை மற்றதைவிடச் சற்று மெலிதல், தூக்கும்போது வழக்கமில்லாத ஓர் உறுமல். வலியோ பெரிது. முழங்காலில் அடையாளம் பெரிது, வலி சிறிது; இடுப்பில் அடையாளம் சிறிது, வலி பெரிது. புகையின் அளவைக்கொண்டு நெருப்பின் அளவைச் சொல்ல முடியாது என்பது தருக்கம் பயிலும் மாணவனுக்குத் தெரியும். இளைய நாய் ஒன்றை வளர்ப்பவருக்கும் அது தெரிய வேண்டியிருக்கிறது.

இனி, 'வலித்தால் கத்தாதா?' என்னும் கேள்வி. லயத்தில் மட்டுமன்றி எங்கும் முதலில் எழுவது இதுவே. கேள்வி வடிவில் வந்தாலும் இது உள்ளபடியே ஓர் அனுமானம், அதாவது கருதல். கருதலுக்குத் துணையாகும் காரணத்தை ஏது என்பர். சித்தியார் மரபில் அது மூவகை: சொல்லின் இயல்பால் பொருளை உணர்த்தும் இயல்பு ஏது, புகையைக் கண்டு தீயை உணர்வது போன்ற காரிய ஏது, குளிர் இல்லாமையால் பனி இல்லாமையை உணர்வது போன்ற அனுபலத்தி ஏது. கத்தல் இல்லை, ஆகவே வலி இல்லை என்பது மூன்றாவதன் உருவத்தை அணிந்து வருகிறது. ஆனால் காணாமையைக் கொண்டு இன்மையை நிறுவுவதற்கு ஒரு நிபந்தனை உண்டு; 7ஆம் நூற்றாண்டின் பௌத்தத் தருக்கவாணராகிய தர்மகீர்த்தி இதனை வற்புறுத்தினார்: இருந்திருந்தால் தவறாமல் தென்பட்டிருக்கும் என்ற இயல்புடைய பொருள் தென்படாதபோதே அது இல்லை எனத் துணியலாம். மேசைமேல் குடம் இல்லை என்று சொல்லலாம். இருட்டறையில் பேய் இல்லை என்று அதே வழியில் சொல்ல இயலாது. வலி இருந்தால் நாய் தவறாமல் கத்தும் என்பது நிறுவப்பட்டால்தான் கத்தாமை சான்றாகும், அதுவோ பொய். திடீர்க் குத்தலுக்குக் கத்தும் நாய், நாட்பட்ட மூட்டுவலியைப் பெரும்பாலும் ஓசையின்றியே சுமக்கிறது; அதிலும் இளமையும் துடிப்பும் மிக்க குட்டி, பந்து எறியப்பட்ட கணத்தில் ஆசையால் வலியை மீறி ஓடுகிறது. ஓடுகிறது என்பது ஆசைக்குச் சான்று, நோயின்மைக்குச் சான்றாகாது.

வலியை ஆராயும் பன்னாட்டுச் சங்கம் 1979இல் வெளியிட்ட தன் வரையறையை 2020இல் திருத்தியபோது, சொல்லால் விவரிப்பது வலியை வெளியிடும் பல வழிகளுள் ஒன்றே என்றும், சொல்ல இயலாமை காரணமாக மனிதருக்கோ விலங்குக்கோ வலி இல்லை என்று ஆகிவிடாது என்றும் குறிப்பு எழுதிச் சேர்த்தது. பேசாத குழந்தை, நினைவிழந்த நோயாளி, விலங்கு ஆகிய மூவரும் அக்குறிப்பில் ஒரே திண்ணையில் அமர்கிறார்கள். தர்மகீர்த்தி கேட்டிருந்தால் வியந்திருக்கமாட்டார்.

மறுதிசைப் பிழையும் உண்டு. ஒவ்வொரு துள்ளலையும் பெருந்துன்பம் என்று கொண்டு, வீட்டில் உள்ள மனிதருக்கான வலிமாத்திரையை உடைத்துச் சோற்றில் வைப்பவர் இரக்கத்தாலேயே கேடு செய்கிறார். அத்தகைய மாத்திரைகளுள் பல, நாயின் குடலையும் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கவல்லவை. கருதலை இரக்கம் முந்திக்கொண்ட நிலை அது.

பிற உயிரின் அகத்தை அறிய அதனைப்போலவே வாழ்ந்து பார்த்தால் என்ன என்று ஒருவர் கேட்கக்கூடும். மஜ்ஜிம நிகாயத்தின் 57ஆம் சூத்திரத்தில் வரும் சேனியன் என்னும் துறவி நாய்நோன்பு பூண்டவன்; தரையில் எறியப்பட்டதை உண்டு, நாயைப்போல் சுருண்டு படுத்து நெடுங்காலம் கழித்தவன். அவன் அடையப்போகும் கதி யாது என்று வினவியபோது, மறுத்து மறுத்து இறுதியில் புத்தர் கூறிய விடை, நாய்நோன்பை முழுமையாகக் கடைப்பிடித்தவன் நாய்களிடையே போய்ப் பிறப்பான் என்பது. சேனியன் தேடியது நாயின் துன்பத்தையன்று, தன் வீடுபேற்றை. நாயைப் பாவிப்பது வேறு, பார்ப்பது வேறு என்பதற்கு இவனைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

விலங்கு முறையிடும் கதைகளும் இம்மண்ணுக்குப் புதியவை அல்ல. அனுராதபுரத்தில் 44 ஆண்டுகள் ஆண்ட சோழநாட்டவனாகிய எல்லாளனைப் பற்றி, அவனை வென்றவன் பெருமையைப் பாடும் மகாவம்சமே ஒன்றைச் சொல்கிறது: அவன் படுக்கையின் தலைமாட்டில் மணி ஒன்று தொங்கியது, நீதி வேண்டுவோர் இழுக்கும் கயிறு அதிலிருந்து நீண்டது, தேர்க்காலில் கன்றை இழந்த பசுவும், பாம்புக்குக் குஞ்சைப் பறிகொடுத்த பறவையும் அதனை அசைத்தன. திருவாரூர் மனுவேந்தனைப் பற்றிப் பெரியபுராணம் சொல்லும் வரலாறும் இத்தன்மையதே. இக்கதைகள் நீதியின் எல்லையை விலங்குவரை நீட்டின என்பதில் ஐயமில்லை. ஆனால் அவை ஓர் உதவியை முன்கூட்டியே செய்துகொண்டன. விலங்குக்குக் கயிறு கொடுத்தன. உரை என்னும் அளவையைக் கதைக்குள் கொண்டுவந்து வைத்தன. முழங்காற்சில்லு நழுவும் குட்டி எந்தக் கயிற்றையும் இழுப்பதில்லை. மணி ஒலித்தபின் எழுந்திருக்கும் அரசன் நல்லவன். ஒலிக்காத மணிக்கு விழித்திருப்பது எவருடைய கடன் என்பதை அக்கதைகள் கேட்கவில்லை.

'அது அதன் வினை' என்னும் விடை இவ்விடத்தில் தவறாமல் எழும். சித்தாந்தம் வினையைத் தொல்வினை, நுகர்வினை, ஏறுவினை என மூன்றாக்குகிறது: சேர்ந்து கிடப்பது முதலாவது, இப்பிறவியில் நுகரப்படுவது இரண்டாவது, நுகரும்போதே புதிதாகச் சேர்ந்துகொள்வது மூன்றாவது. குட்டியின் நோவு அதன் நுகர்வினை என்று ஒப்புக்கொண்டாலும், அதைக் கண்டவர் கண்டும் காணாதவராக இருப்பது கண்டவருடைய ஏறுவினைக் கணக்கில் எழுதப்படும். ஒருவர் கணக்கைக் காட்டி மற்றவர் கணக்கை மூட முடியாது. வினைக்கொள்கையைக் கைகழுவும் தண்ணீராகப் பயன்படுத்துவோர் அதன் முதல் இரண்டு உறுப்புகளோடு நின்றுவிடுகின்றனர். மார்கழி விடியலில் தோட்டத்துக் கோயிலிலிருந்து புறப்படும் பஜனையில் திருவாசகம் பாடுவோர், அதன் ஆசிரியர் தம்மை 'நாயேன்' என்று எத்தனை முறை சொல்லிக்கொண்டார் என்பதை அறிவர். தகுதி பார்க்காமல் தன்னைக் கவனித்தவன் இறைவன் என்பதே அச்சொல்லின் உயிர். அச்சொல்லை வாயால் சொல்லிக்கொண்டே வாசலில் கிடக்கும் உண்மையான நாயைத் தாண்டிப்போவதில் ஓர் இலக்கணப் பிழை இருக்கிறது. உவமை நின்று, உவமைக்கு இடமான உயிர் மறைந்துவிடுகிறது.

இதனினும் கடுமையான எதிர்வாதம் நூல்களிலிருந்து வருவதன்று. நாள்தோறும் கூடையோடு சரிவில் ஏறியிறங்கும் பெண்ணின் முழங்காலை எவர் கவனித்தார், நாயின் காலுக்கு இத்தனை தருக்கமா என்பது அது. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு 'ஒரு பேர்' என்று பெயர். நாயை மிருக வைத்தியரிடம் கொண்டுபோகும் நாளில் அந்தப் பேர் விழாது. பிரதேச அரச மிருக வைத்திய அலுவலகங்கள் பெரிதும் மாடு, ஆடு வளர்ப்பைச் சார்ந்தே இயங்குபவை. எலும்பறுவைக்கு உரிய வசதி பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடம் போன்ற தொலைவான இடங்களில் இருப்பது. இரவில் சித்தாலேப தைலம் தேய்த்துக்கொண்டு, 'காலையில சரியாப் போயிரும்' என்று படுத்து, விடிந்ததும் பிரட்டுக்கு, அதாவது வேலை பிரிக்கும் காலைக் கூட்டத்துக்குப் போகிறவர்களின் வலியும் கத்தாத வலியே. அவர்கள் வாய்திறந்து சொன்னபோதும் அச்சொல் அளவையாகக் கொள்ளப்படாமல் போன நாட்கள் உண்டு. எனவே எதிர்வாதத்தின் கோபம் நியாயமானது. அதன் முடிவு மட்டும் பொருந்தாது. இன்னா செய்யாமை அதிகாரத்தில் வள்ளுவர், பிற உயிரின் நோயைத் தன் நோய்போல் பேணாவிட்டால் அறிவினால் பயன் என்ன என்று கேட்குமிடத்து, 'பிறர்' என்னாமல் 'பிறிது' என்று அஃறிணையில் சொல்கிறார். தன் நோயை நோய் என்று மதிக்க இடம் கிடைக்காதவரிடம் அந்த ஒப்புமை தடுமாறும் என்பது உண்மை. ஆனால் வலியைச் சொல்லியும் நம்பப்படாமல் இருப்பது எப்படியிருக்கும் என்பதை உள்ளிருந்து அறிந்தவர்களும் அவர்களே ஆகையால், சொல்லவே இயலாத உயிரின் நிலையை ஊகிப்பதற்கு அவர்களைவிட அணுக்கமானவர் இலர்.

மேலும், கவனித்தல் எல்லா வேளையிலும் செலவைக் கோருவதன்று. சில்லு விலகும் குட்டியைக் கொழுக்கவிடாமல் அளவாகச் சோறு வைப்பதும், மழைநாளில் வழுக்கும் இஸ்தோப்புச் சீமெந்தின்மேல் பழஞ்சாக்கை விரிப்பதும், கானைத் தாண்டவிடாமல் அதன்மேல் பலகை ஒன்றைப் போடுவதும் ஒரு பேரையும் விழுங்குவதில்லை. முழங்கால் நோயின் உயர்ந்த தரங்களுக்குப் பள்ளவரியை ஆழமாக்கும் அறுவையும், இடுப்பு நோய்க்கு மடிந்த பந்துமுனையை நீக்கும் அறுவையும் உண்டு. உடல் எடை குறைந்த நாய்கள் பின்னதைப் பெரும்பாலும் நன்றாகவே தாங்கி, மீண்டும் ஓடுகின்றன. எது எவருக்கு இயலும் என்பது அவரவர் வீட்டு நிலையைப் பொறுத்தது.

எஞ்சியிருப்பது, கண்டதைப் பிறருக்குக் காட்டும் வழி. தான் உணர்வதற்காகச் செய்வதைத் தன்பொருட்டு அனுமானம் என்றும், மற்றவர் ஏற்கும்படி உறுப்புகளோடு எடுத்துரைப்பதைப் பிறர்பொருட்டு அனுமானம் என்றும் தருக்கநூலார் பிரித்தனர். குட்டியைச் சமதரையில் நேராக நடக்கவிட்டு, பின்னால் நின்று ஒருமுறை, பக்கவாட்டில் நின்று ஒருமுறை, படியேறும்போது ஒருமுறை கைத்தொலைபேசியில் படம்பிடித்து வைத்துக்கொள்வது இவ்விரண்டாவதன் இன்றைய வடிவம். வைத்தியசாலையின் அந்நிய மணமும் மற்ற நாய்களின் குரலும் உடலை விறைப்பாக்கிவிட, அங்கே இறக்கிவிடப்பட்ட குட்டி பல வேளை நான்கு காலையும் ஒழுங்காக ஊன்றி அறை முழுவதும் நடந்துகாட்டும். கூட்டிவந்தவர் நாணத்தோடு தொலைபேசியை எடுத்து நீட்ட, பாசிபடிந்த படியில் அந்த மூன்று எட்டும், அதன்பின் வரும் உதறலும் திரையில் ஓடும்.